வலிக்காத கால்

அண்ணனின் முன்பல்லை அவன் உடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதற்கு முன்னால் அவன் யார் மேலும் கை வைத்ததில்லை என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் காலை மிதித்தவனை அறைந்திருக்கிறான். டிக்கெட் வரிசையில் குறுக்கே புகுந்தவனின் மூக்கை உடைத்துவிட்டு ஒரு பகல் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். மகள் உள்ளே நேரமாக்கினாள் என்று சொந்த வீட்டுக் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாளோடு பெயர்த்திருக்கிறான். ஆனால் ஒற்றைக் காலோடு தரையில் உட்கார்ந்திருந்த மனுஷரை, அதுவும் கூடப் பிறந்தவரை, அடித்தது அதுதான் முதல் தடவை.

வேலையிடத்தில் அவன் பெயர் சம்மட்டி. பழைய கட்டடங்களை இடிக்கிற காண்ட்ராக்டரிடம் இருபது வயதில் சேர்ந்தவன். அப்போது ஆள் ஒல்லி, முறுக்கிவிட்ட கம்பி மாதிரி இருப்பான். மாடித் தளத்தின் மேல் ஏறி நின்று சம்மட்டியைத் தூக்கினான் என்றால் மதியச் சாப்பாட்டுக்குள் ஓர் அறை கீழே இறங்கிவிடும். மற்றவர்கள் இரண்டு பேர் மூன்று பேராக மாற்றி மாற்றி அடிப்பார்கள். இவன் கையிலிருப்பதை யாருக்கும் கொடுக்கமாட்டான். இடிப்பது அவனுக்குப் பிடித்திருந்தது. விழுவதற்கு முன்னால் சுவர் ஒரு நொடி தயங்கும், பிறகு மொத்தமாக மனசு விட்டுவிடும். அந்த நொடிக்காகவே அவன் வேலைக்குப் போனான். சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே வந்து, குளித்து, தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கட்டையாகத் தூங்கிவிடுவான். அந்தக் காலத்தில் அவனுக்குக் கோபமே வந்ததில்லை என்று அவன் பெண்டாட்டி சொல்வாள். வந்த கோபத்தையெல்லாம் சுவர்கள் வாங்கிக்கொண்டனவோ என்னவோ.

முப்பத்திரண்டு வயதில் அவனைப் பொக்லைன் இயந்திரத்தில் ஏற்றி உட்காரவைத்தார் காண்ட்ராக்டர். எல்லோரும் கை கொடுத்தார்கள். தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்டாட்டி, இனிமேல் வெயிலில் நின்று சாக வேண்டாம் என்று சந்தோஷப்பட்டாள். கண்ணாடிக் கூண்டு, சுழலும் இருக்கை, இரண்டு லீவர். விரலை அசைத்தால் போதும், இரும்புக்கை நீண்டு போய் ஒரு வீட்டின் முகத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் படுக்கையறைச் சுவரின் நிறமும், காலண்டர் தொங்கிய ஆணியும், குழந்தை கிறுக்கிய கோடும் ஊர் பார்க்க வெளியே வந்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டுக்காரர்கள் தெருவில் நிற்பார்கள்.

அதனால்தான் அவன் கூண்டை விட்டு இறங்கமாட்டான். தளத்தின் மேல் சம்மட்டியோடு நின்றபோது யாரும் அவனை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இயந்திரத்தில் உட்கார்ந்த பிறகு எல்லோருக்கும் அவன்தான் எதிரி. செங்கல் வரும், செருப்பு வரும், ஒருமுறை கொதிக்கிற எண்ணெய் வந்தது. காலையில் ஏறி உட்கார்ந்து கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டால் சாயங்காலம்தான் இறங்குவான். கூண்டுக்குள் உலை மாதிரி கொதிக்கும். பக்கத்தில் ஒரு பனிக்கட்டிப் பெட்டி, அதில் கலர் சோடா பாட்டில்கள். கல் வந்து விழுகிற நாளில் நெஞ்சு படபடக்கும், ஒரு பாட்டில் குடித்தால் அடங்கும். பிறகு ஒரு சிகரெட். சாப்பாட்டுக்கு இறங்க முடியாது, பொட்டலத்தில் வருகிற பொரித்ததையும் வறுத்ததையும் ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் வேலை பார்ப்பான். போக்குவரத்து தொடங்குவதற்கு முன்பே இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பதால் தூக்கம் பாதிதான். வயிறு மெல்ல மெல்ல வளர்ந்து லீவர் பக்கம் வந்தது. இனிமேல் நீங்க கையே வைக்க வேண்டாம், வயிறே ஓட்டிவிடும் என்று மேஸ்திரி ஒருநாள் சொல்லிவிட்டு, பிடரியில் ஓர் அறை வாங்கினான்.

வீட்டுக்குள் வந்தால் யாராவது ஒருவர் மேல் பாய்வான். சாப்பாடு ஆறியிருந்தது, டிவி சத்தம், செருப்பு வாசலில் குறுக்கே கிடந்தது என்று எதையாவது பிடித்துக்கொள்வான். பெண்டாட்டி வாய் திறக்கமாட்டாள். மகள் தன் அறைக்குள் போய்விடுவாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவர் அண்ணன் ஒருவர்தான்.

அண்ணன் டாக்ஸி ஓட்டியவர். அம்மாவுக்கு இருந்த சர்க்கரை வியாதி அவருக்கும் வந்தது. அம்மாவுக்கு முதலில் கண் போனது, பிறகு சிறுநீரகம், பிறகு அம்மாவே போனாள். அண்ணனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அண்ணி அதற்கு முன்பே இறந்துவிட்டதால் தம்பி வீட்டுச் சமையலறையை ஒட்டிய அறைக்கு வந்து சேர்ந்தார். சம்மட்டி அந்தக் காலைப் பார்க்கவே மாட்டான். பேசும்போதும் அண்ணனின் நெற்றியைப் பார்த்துத்தான் பேசுவான். அண்ணன் இனிப்பாகத் தின்று தின்று காலைத் தொலைத்தார், தான் இனிப்பைத் தொடுவதே இல்லை, அதனால் தனக்கு வராது என்பது அவன் கணக்கு. டீயும் சோடாவும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அண்ணன் கவனித்துக்கொண்டேதான் இருந்தார். தம்பி வந்ததும் வராததுமாகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதையும், படுத்த பிறகு நாலு தடவை எழுந்து போவதையும், தின்றது தின்றபடி இருக்கக் கன்னம் மட்டும் வற்றுவதையும் பார்த்தார். ரத்தம் கொடுத்துப் பாரு என்று ஒரு மாதம் சொன்னார். இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தால் கட்டிலோடு தூக்கித் தெருவில் வைப்பேன் என்றான் சம்மட்டி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் டிவி முன்னால் பாயில் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் தன் அறையிலிருந்து தரையில் நகர்ந்து நகர்ந்து வந்தார். மடியில் அவருடைய சர்க்கரை பார்க்கும் கருவி. தம்பியின் கையை எடுத்து, நடுவிரலில் ஊசியால் குத்தினார். அவன் விழிக்கவில்லை. விரலைப் பிதுக்கி, வந்த சொட்டைக் கருவியின் பட்டையில் தொட்டெடுத்தபோதுதான் விழித்தான்.

கண்ணைத் திறந்ததும் தெரிந்தது, தன் கையின் மேல் குனிந்திருந்த ஒரு தலை. முஷ்டி தானாகப் போய் அதில் இறங்கியது. அண்ணன் பின்னால் சாய்ந்து அலமாரியில் மோதினார். தூக்கக் கலக்கத்தில் அடித்துவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னானே, அது இந்த அடி. அதற்குப் பிறகு அவன் எழுந்து உட்கார்ந்தான், எதிரே இருப்பது யார் என்று பார்த்தான், விரலில் ரத்தத்தைப் பார்த்தான், கருவியைப் பார்த்தான். எல்லாம் விளங்கியது. விளங்கிய பிறகு சட்டையைப் பிடித்து இழுத்து வாயில் ஒன்று விட்டான். பல் போனது அதில்தான்.

அண்ணன் கத்தவில்லை. தாடையில் ரத்தம் வழிய, கையில் விடாமல் பிடித்திருந்த கருவியைத் தூக்கிக் காட்டினார்.

"முன்னூத்தி நாப்பத்திரெண்டு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்குக் கூட இவ்வளவு இல்லடா."

சம்மட்டி அதைப் பிடுங்கித் தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்தான். பிளாஸ்டிக் தெறித்தது. போதாமல் மறுபடி மிதித்தான், கண்ணாடிச் சில் தூளாகிற வரைக்கும். சமையலறையிலிருந்து ஓடி வந்த பெண்டாட்டி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தானையை நனைத்து அண்ணனின் வாயைத் துடைத்தாள். மாமா, அசையாதீங்க என்று அவரிடம் மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலமே அண்ணன் தன் பழைய டாக்ஸிக் கூட்டாளியின் வீட்டுக்குப் போய்விட்டார். பெரியப்பாவைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றி, அங்கே விட்டுவர மகளும் கூடவே போனாள். அப்பா நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை.

கால்வாய் ஓரத்துக் குடியிருப்பை இடிக்கப் போனது அதற்கு அடுத்த வாரம். மூன்று மாடி வரிசை வீடுகள், நூறு குடும்பத்துக்கு மேல். கோர்ட் உத்தரவு வந்து, கெடு முடிந்து, போலீஸ் வந்து நின்றது. ஜனங்கள் கட்டில், பாத்திரம், தையல் மெஷின், பாடப் புத்தகம் எல்லாவற்றையும் தெருவில் குவித்து வைத்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். முதல் வீட்டின் முகப்பைப் பிய்த்தபோது உள்ளே ஒரு குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஊளையிட்டது கூண்டுக்குள் வரைக்கும் கேட்டது.

சம்மட்டிக்குக் காலையிலிருந்தே கண் மங்கலாக இருந்தது. முன்கண்ணாடியில் தூசி என்று நினைத்துத் துடைத்தான், துடைத்தும் போகவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. மூன்று பாட்டில் காலியாகிவிட்டன. ஆறேழு மாதமாகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் அவனால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. காலிப் பாட்டிலையே அதற்கும் வைத்துக்கொள்வான், அன்று அதுவும் நிரம்பிவிட்டது. கல் விழுவது சற்று ஓய்ந்த நேரம் பார்த்து, கதவைத் திறந்து இறங்கி, பாதி இடிந்த ஒரு சுவருக்குப் பின்னால் போய் நின்றான்.

அங்கேதான் பிடித்துக்கொண்டார்கள். நாலைந்து பேர். முதல் அடி முதுகில் விழுந்தது. தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றால் அடித்தவர் அந்த வரிசையில் இரண்டாம் மாடியில் குடியிருந்த குழாய் வேலைக்காரர், அவன் வயதுக்காரர். இரண்டாம் அடி காதை ஒட்டி விழுந்து, காதுக்குள் வண்டு ரீங்கரித்தது. கால்சட்டையைக்கூடச் சரியாகப் போடாத நிலையில் சம்மட்டி குப்புற விழுந்தான். யாரோ விலாவில் மிதித்தார்கள். யாரோ தலைமயிரைப் பிடித்து முகத்தைச் செங்கல் தூளில் தேய்த்தார்கள். கை துழாவியது. கூலியாட்கள் போட்டுவிட்டு ஓடிய சம்மட்டி ஒன்று தட்டுப்பட்டது.

எழுந்து நின்று அதைத் தூக்கினான். தூக்க வரவில்லை. இரண்டு கையும் நடுங்கின, இடுப்பு ஒத்துழைக்கவில்லை, மூச்சு நெஞ்சுக்குழியிலேயே அடைத்தது. யாரையும் கொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. ஆனால் பாதி தூக்கிய இரும்பு அவன் பேச்சைக் கேட்காமல் பக்கவாட்டில் சரிந்து போய்க் குழாய்க்காரரின் தோளில் விழுந்தது. காய்ந்த சுள்ளியை முறித்தது போல ஒரு சத்தம். அவர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, தொங்குகிற தன் கையைத் தானே வேடிக்கை பார்த்தார். அதற்குள் போலீஸ் தடியோடு புகுந்தது. யார் எவர் என்று பார்க்காமல் விளாசினார்கள். எல்லோரும் ஓடினார்கள். சம்மட்டியும் ஓடினான், பெயர்த்துப் போட்ட ஜன்னல் சட்டங்கள், பலகைகள், கம்பிகள் மேலெல்லாம் விழுந்து எழுந்து ஓடினான்.

இயந்திரத்தை நோக்கி அவன் நடந்து வந்தபோது ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். நடக்க நடக்க ஏதோ டக் டக் என்று தரையில் தட்டியது. இடது செருப்பில் என்னவோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் காலை உதறினான், போகவில்லை. மேஸ்திரிதான் ஓடி வந்து குனிந்தான். ஒரு முழம் நீளத்துக்கு ஜன்னல் சட்டத்துண்டு. அதன் ஆணி செருப்பைத் துளைத்து, பாதத்தைத் துளைத்து, விரல் இடுக்கில் மேலே எட்டிப் பார்த்தது. வந்த வழி பூராவும் ரத்தத் தடம்.

"அண்ணே, வலிக்கலையா?"

அவன் குனிந்து பார்த்தான். அது வேறு யாருடைய காலோ போல இருந்தது. மேஸ்திரியைப் பிடித்துத் தள்ளினான், பலகையைக் காலிலிருந்து இழுத்துப் பிய்த்து எறிந்தான், ஏறி உட்காரப் போனான். படியில் கால் வைத்ததும் கண் இருட்டி விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு, தூக்கமில்லாத முகம். காலைச் சுத்தம் செய்து கட்டிவிட்டு, படுக்கையோரம் நின்று கேள்வி கேட்டார். அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? கூடப் பிறந்தவர்களுக்கு? ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், எவ்வளவு நேரம் தூங்குவீர்கள், என்ன குடிப்பீர்கள், புகை உண்டா? அவர் கேட்கக் கேட்க, யாரோ தன் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொல்வது போலச் சம்மட்டிக்கு இருந்தது. இது ஒரு வருஷத்தில் வந்ததில்லை, பல வருஷமாக உள்ளே இருந்து நரம்பைத் தின்றிருக்கிறது, அதனால்தான் ஆணி தெரியவில்லை என்றார் டாக்டர். புண் எலும்பு வரைக்கும் போயிருந்தால் விரல் எடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னார்.

சம்மட்டி கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்கி வீசினான். மருந்துத் தட்டைத் தட்டிவிட்டான். குப்பிகள் உடைந்து வார்டு பூராவும் சிதறின. அடிதடிக் கேஸுக்காக வாசலில் உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் வந்து கையைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு பூட்டிவிட்டுப் போனார். பெண்டாட்டி வந்து உடைந்ததையெல்லாம் பெருக்கினாள். அவள் அழுகிறாளா என்று பார்த்தான். அழவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கால் புண்ணால் அவனுக்குக் காய்ச்சல் ஏறிய மூன்றாம் நாள் குழாய்க்காரர் வந்தார். அவரையும் அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தார்கள். வலது கை கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கான்ஸ்டபிள் டீ குடிக்கப் போயிருந்த நேரம்.

"நீதானே மெஷின்காரன்?"

"ஆமா."

"எனக்கு வீடும் போச்சு, கையும் போச்சு," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். போர்வையை விலக்கினார். தன் இடது கையால், வீங்கிக் கட்டுப்போட்டிருந்த அந்தப் பாதத்தைப் பிடித்து அழுத்தினார். வாழ்நாள் முழுக்க இரும்புக் குழாயை முறுக்கிய கை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆணி போன இடத்தில் கட்டைவிரலை வைத்து, துணி பிழிவது போலத் திருகினார். கட்டு நனைந்தது. மஞ்சளும் சிவப்புமாக அவர் விரல் வழியாக வழிந்தது.

"கத்துடா," என்றார். "கத்து."

சம்மட்டி அவர் தோள்பட்டை நடுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பலத்தையும் அவர் எங்கே போடுகிறார் என்று அவனுக்குப் புரியவில்லை.

"அழுத்துறீங்களா?" என்று கேட்டான்.

நக்கலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். குழாய்க்காரர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை விட்டார். அவர் முகத்தில் இருந்த வெறி இறங்கி வேறு ஒன்று வந்தது. கல்லுக்கும் தடிக்கும் பயப்படாதவன், தன் காலைப் பிசைந்தவர் தன்னைப் பார்த்து மிரண்டதும் உடம்பெல்லாம் வேர்த்து நர்ஸைக் கூப்பிட்டான். நர்ஸ் வந்தபோது குழாய்க்காரர் போர்வை ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படியே நடந்து போய்விட்டார். பிறகு போலீஸ் வந்து அவர் கையை உடைத்தது யார் என்று கேட்டபோது, நெரிசலில் தெரியவில்லை என்று சொல்லிவிடு என்றார் காண்ட்ராக்டர். நான்தான் என்று சொன்னான் சம்மட்டி. கேஸ் இன்னும் நடக்கிறது.

குழாய்க்காரர் வந்துபோன மறுநாளே இரண்டு விரல் எடுக்க வேண்டும் என்று முடிவானது. யார் சொல்லி அனுப்பினார்களோ, அன்று சாயங்காலம் அண்ணன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வார்டுக்குள் வந்தார். வாய் இன்னும் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

"தூக்கத்துல அடிச்சேன்னு ஊரெல்லாம் சொன்னியாம். ரெண்டாவது அடி?"

அன்றைக்குத்தான் சம்மட்டி நெற்றியை விட்டு அண்ணனின் காலைப் பார்த்தான். மடித்து ஊக்கு குத்திய கால்சட்டையை நன்றாகவே பார்த்தான்.

"முழிச்சுட்டுத்தான் அடிச்சேன்."

அண்ணன் ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஊன்றுகோலைத் தூக்கி அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு இன்னொன்று. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், நர்ஸ் ஓடி வந்தார். சம்மட்டி ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. விலங்கு பூட்டாத கைதான் அந்தப் பக்கம் இருந்தது. மூச்சு வாங்கியதும் அண்ணன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மேஜையில் இருந்த ஆஸ்பத்திரி பிஸ்கட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்னத் தொடங்கினார். தின்றுகொண்டே அறுவைக்குப் பிறகு என்னவெல்லாம் ஆகும் என்று சொன்னார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. இல்லாத விரல் அரிக்கும், சொறியக் கையை நீட்டாதே, பார்க்கிறவன் சிரிப்பான் என்றார்.

விரல்கள் போயின. கால் தப்பியது. கூண்டில் வேறு ஒருவன் ஏறி உட்கார்ந்துவிட்டான். காண்ட்ராக்டர் இவனைத் தளவாடக் காவலுக்குப் போட்டார். வாசலுக்கும் இடிபாட்டுக் குவியலுக்கும் நடந்து, லாரிகளைப் பார்த்து அனுப்புகிற வேலை. கெட்டி அடி போட்ட பூட்ஸ் இல்லாமல் கால் கீழே படக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. சோடாவை நிறுத்தினான். சிகரெட்டை நிறுத்த முடியாமல் இரண்டு தடவை நிறுத்தினான். கத்துவது மட்டும் நிற்கவில்லை. லாரிக்காரர்கள் அவனை இன்னும் திட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

ஆனால் அவனை உலுக்கியது விரல் இல்லை. ரத்த சொந்தம் எல்லோரும் சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் மகளும் போய் ரத்தம் கொடுத்தாள். அவளுக்கு இருபத்து நாலு வயசு. ஒரு பெரிய கம்பெனிக்கு வருகிற புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. ஒன்பது மணி நேரம் நாற்காலி, காதில் கருவி, ஒரு வாரம் பகல் ஒரு வாரம் இரவு. எழுந்து போனால் எவ்வளவு நேரம் என்று கம்ப்யூட்டர் பிடிக்கும். மேஜையில் வறுவல் பொட்டலம், இயந்திரத்திலிருந்து வரும் சர்க்கரைக் காப்பி. சேர்ந்த இரண்டு வருஷத்தில் அவள் பழைய துணி எதுவும் போதவில்லை. வியாதி இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றார் டாக்டர். எடையைக் குறைத்து, தினமும் நடந்து, ஒழுங்காகத் தூங்கினால் திரும்பிப் போக வைக்கலாம் என்றார்.

அப்பன் அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கைத்தடியோடு அவள் ஆபீசுக்குப் போனான். சூப்பர்வைசரை வெளியே வரச்சொல் என்று வாசலில் நின்று சத்தம் போட்டான். காவலாளிகள் மரியாதையாகத்தான் முதலில் சொன்னார்கள். அவன் கண்ணாடிக் கதவைத் தடியால் அடித்தான். கதவு விரிசல் விட்டது. ஒருவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ள, சம்மட்டி அவன் முழங்கையில் ஒன்று போட, இன்னொருவன் பின்னாலிருந்து கழுத்தை இறுக்கிப் படியில் உருட்டிவிட்டான். பூட்ஸ் கழன்று ஓடியது. புதிதாக ஆறிய இடம் பிளந்து காலுறை சிவந்தது. மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவன் படியில் மல்லாந்து கிடந்தான். கூட வேலை பார்க்கிற பாதிப் பேர் ஜன்னலில் நின்றார்கள்.

அவள் பூட்ஸை எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, நான் உங்ககிட்ட அடிக்கச் சொல்லிக் கேட்டேனா?"

அவன் இல்லை என்றான்.

"எனக்குப் பயமா இருக்கு. அதுக்கு மேல உங்களையும் பாத்துப் பயப்படணுமா?"

அடி வாங்கின உடம்பில் எங்கெல்லாமோ எரிந்தது. அதையெல்லாம் விட இந்தப் பேச்சு உள்ளே போய்த் தைத்தது. பூட்ஸை மாட்டிக்கொண்டான். அவளே வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கட்டுப்போட வைத்தாள்.

ஆபீஸ் விஷயத்தை அவள் தானாகப் பார்த்துக்கொண்டாள். எழுந்து நின்றாலும் காதுக் கருவியின் ஒயர் எட்டும் என்று கண்டுபிடித்து, ஒருநாள் எழுந்து நின்றபடியே பேசினாள். பக்கத்து மேஜைக்காரியும் எழுந்தாள். சூப்பர்வைசர் உட்காரச் சொல்லிக் கத்தினார். அடுத்த நாள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நின்றவர்களில் இரண்டு பேரை வேறு காரணம் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அது அவள் மனசை இன்னும் அறுக்கிறது. நாலு மாதம் கழித்து அவளுக்கு நிரந்தரமாகப் பகல் ஷிப்ட் கிடைத்தது. போன பரிசோதனையில் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது, முழுக்க இல்லை.

இப்போதெல்லாம் அவள் வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவாள். வேலை முடிந்து சம்மட்டி அங்கே வந்து நிற்பான். சில நாள் அண்ணனும் ஊன்றுகோலோடு வந்து பாதி தூரம் கூட நடந்துவிட்டு, கூட்டாளி வீட்டுச் சந்தில் திரும்பிவிடுவார். தம்பி வீட்டுக்கு அவர் திரும்பி வரவில்லை, அவனும் கூப்பிடத் துணியவில்லை. மீதி தூரம் அப்பனும் மகளும்தான். மெதுவாக நட என்று அவள் சொல்வாள், வேகமாக நட என்று அவன் சொல்வான். வீட்டு வாசல் வரைக்கும் சண்டைதான்.